ஊரை விட்டுப் போன சீர்

இன்று காலை ஆழ்வார்குறிச்சியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். டீ குடிக்க ஒரு லோடு ஆட்டோவை நிறுத்தினார் டிரைவர். பின்னால் பெஞ்சுகள், மின்விசிறி, குடிநீர் டிரம். நடுவே எங்கள் ஊர் செல்லம்மாக்கா, மடியில் ஒரு மூட்டையோடு.

அத்தனையும் எங்கள் ஊர் அரசுப் பள்ளிக்கு, கல்யாண வீட்டுச் சீர் போல மேளத்தோடு நாங்கள் கொண்டுபோய்க் கொடுத்தவை. பீடி சுற்றிய நேரம் போக வீடு வீடாக ஏறி இறங்கி அந்தக் கல்விச் சீரைச் சேர்த்தவர் அக்காதான். அன்று அவருக்குப் பொன்னாடை போர்த்தினோம். ஊரே கைதட்டியது.

"எங்கக்கா கொண்டு போறிய?"

"பிள்ளைய சேரலன்னு பள்ளிக்கூடத்தப் பூட்டிட்டாவ. சாமானெல்லாம் பக்கத்தூரு பள்ளிக்கூடத்துக்குப் போவுது. நாந்தான சேத்தேன், நானே விட்டுட்டு வாரேன்."

அந்த நேரம் பார்த்து ஒரு தனியார் பள்ளி வேன் கடந்தது. உள்ளே, அன்று கைதட்டிய வீடுகளின் பிள்ளைகள். அக்காவைப் பார்த்துக் கையசைத்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே அசைத்தார்.

"இதுவ எப்பிடியும் படிச்சிரும். வேன் ஏற வழியில்லாத பிள்ளைய எங்கன போவும், சொல்லு?"

மடியில் என்ன என்று கேட்டுவைத்தேன்.

பிரித்துக் காட்டினார். வகுப்பறைக் கடிகாரம். கண்ணாடி உடையாமலிருக்க அந்தப் பொன்னாடையைச் சுற்றியிருந்தார்.

ஒரு பெண்ணின் சீர் திரும்பி வந்தால் மாசக்கணக்கில் பேசுகிற ஊர் எங்களுடையது. இந்தச் சீர் போனதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கமெண்டில் எங்களை எப்படி வேண்டுமானாலும் திட்டுங்கள். கைதட்டுகிற பொம்மையை மட்டும் போடாதீர்கள். அதை நாங்கள் அன்றைக்கே செய்துவிட்டோம்.