தமிழ் தெரியாது என்று சொன்ன நாள்

தொண்ணூறுகளில் ஒரு ஜூன் மாதம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைத்த சந்தோஷப் புழுகத்தில், லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து மனைவியோடு சைப்பிரஸ் தீவுக்குச் சுற்றுலா போனேன்.

கடற்கரை ஹோட்டலில் நாங்கள் தமிழில் லண்டன் புதினம் கதைத்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எச்சில் தட்டு எடுக்க வந்தவர் நின்றுவிட்டார்.

"அண்ணை, யாழ்ப்பாணமோ? லண்டனுக்கெண்டு வெளிக்கிட்டு இஞ்சை மாட்டுப்பட்டுப் போனன். தங்கச்சி அங்கை பிளேஸ்டோவிலை இருக்கிறா. நான் உயிரோடை இருக்கிறன் எண்டு சொல்லிவிடுவியளே?"

அவர் சட்டையில் மீன் நாற்றம் அடித்தது. பக்கத்து மேசை வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் முகத்தைச் சுளித்து, எனக்குத் தமிழ் தெரியாது என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

நான் தமிழில் கதைத்ததை அவர் கேட்டிருந்தார். ஆனாலும், "பரவாயில்லை அண்ணை" என்று என் தட்டையும் எடுத்துக்கொண்டு போனார்.

"சீ! நீங்களும் ஏஜென்சிக்குக் காசு கட்டிக் களவாய் வந்த ஆள்தானே? ஓடிப்போய்க் கூப்பிடுங்கோ" என்றாள் மனைவி. நான் எழும்பவில்லை.

மறுநாள் தேடினேன். அவர் வேலைக்கு வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை. அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது.

இப்போதும் பிளேஸ்டோவில் தமிழ்ப் பெண் யாராவது எதிரே வந்தால், அந்தத் தங்கச்சி இவராக இருக்குமோ என்று நினைப்பேன். என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கும்.