அஷ்டமி பார்த்து வைத்த நாலு தாள்

எனக்கு வாய் நீளம். ஜுரு ஃபேக்டரி பஸ்ஸில் நான் ஏறினால் ஒருத்தரும் தூங்க முடியாது. அதனால்தான், இலங்கையில் கடைசிப் போர் நடந்தபோது, எங்கள் டத்தோ கிராமாட் பக்கத்து அண்ணன் ஒருவர், போரை நிறுத்தச் சொல்லி கோலாலம்பூரில் நம் அரசாங்கத்திடம் கொடுக்க, கையெழுத்து வாங்கும் தாள்களை என்னிடம் தந்தார். “நம்ம கவர்மெண்ட் அந்த அரசாங்கத்துக்குத்தான் தலையாட்டுது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். நாம கத்தினாதான் கேக்கும்லா,” என்றார்.

எதிர் வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தாள், வன்னியிலிருந்து தப்பி வந்த ஒரு பெண். அவள் தம்பி குடும்பத்தோடு அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தான். கையெழுத்துக்குப் பக்கத்தில் ஐசி நம்பர், அதாவது அடையாள அட்டை நம்பர், எழுத வேண்டும். அவளுக்கு ஏது ஐசி? “என்னால போட ஏலாது அக்கா. நீங்கள் ஆக்களைப் பிடியுங்கோ. உங்கட நாடு சொன்னா நிப்பாட்டுவினம்,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பஸ்ஸில், கேண்டீனில், ஒருத்தரையும் நான் விடவில்லை. ஐசி நம்பர் என்றதும் நம் ஆட்கள்தான் பயந்தார்கள். “போலீஸ் வருமா அக்கா?” “வந்தா டீ போட்டுக் குடு. இப்ப கையெழுத்தைப் போடு!” என்று அதட்டினேன். மலாய்க்கார மக்சிக் ஒருவர், வயசான அம்மா, கேட்காமலே போட்டார். நாலு தாளும் நிறைந்தது.

செவ்வாய்க்கிழமை அண்ணனிடம் கொடுக்க வேண்டும். மறுநாள் அவரும் கூட்டாளிகளும் கோலாலம்பூருக்குக் கொண்டுபோகிறார்கள். காலண்டரைப் பார்த்தேன். செவ்வாய் அஷ்டமி, புதன் நவமி. கல்யாணப் பத்திரிகையானாலும் வேலைக்கு எழுதிப் போடுவதானாலும் சாமி காலடியில் வைத்து, நாள் பார்த்து அனுப்புகிற வீடு எங்களுடையது. தாள்களின் மூலையில் சந்தனம் தொட்டு முருகன் படத்தடியில் வைத்தேன். ஒரு நாள் பொறுக்க மாட்டார்களா என்று நினைத்தேன். வியாழன் காலை தலைக்குக் குளித்துவிட்டுக் கொண்டுபோனால், அண்ணன் கோலாலம்பூர் போய்த் திரும்பியே வந்துவிட்டார். “அடுத்த தடவை பாப்போம்மா,” என்றார். அடுத்த தடவைக்குள் போர் முடிந்துவிட்டது. தம்பியைப் பற்றி ஒரு சேதியும் வரவில்லை.

எரிகிற வீட்டில் தண்ணி ஊற்ற நல்ல நேரம் பார்த்தேனே, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டாமா! நாலு தாளால் போர் நின்றிருக்காது, தெரியும். ஆனால் அந்த வியாழன் சாயங்காலம் அவள், “குடுத்திட்டீங்களோ அக்கா?” என்று கேட்டபோது, “குடுத்தாச்சு தங்கச்சி,” என்றேன். அதற்கு என்ன சமாதானம் சொல்வேன்?

சில வருஷம் கழித்து, ஐநா ஓட்டெடுப்பில் இலங்கை அரசாங்கத்துக்கு ஆதரவாகக் கை தூக்காமல் நம் கவர்மெண்ட் ஒதுங்கி நின்றது. இங்கே சனங்கள் விடாமல் கத்தியதால்தான் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். அன்று அவள் கேசரி கிண்டிக்கொண்டு வந்தாள். “தம்பிக்கு இனி ஒண்டும் ஆகப்போறதில்லை அக்கா. எண்டாலும் அண்டைக்கு நீங்கள் குடுத்த கையெழுத்தும் இதில இருக்குத்தானே,” என்று சொல்லி ஒரு கரண்டி எடுத்து என் வாயில் ஊட்டினாள்.

நாலு தாளும் அவள் தலைக்கு மேலே, முருகன் படத்துக்குப் பின்னால்தான் இருந்தன. நான் கேசரியைத் தின்றேன்.