மடியில் உட்கார்ந்த வண்டி

ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் மோட்டார் சைக்கிளை மூன்று முறை சுற்றி வருகிறார் லிப்ட்காரர். முதல் சுற்றில் தரையைத் துடைக்கிறார். இரண்டாவது சுற்றில் ஒரு கோலிக்குண்டைத் தரையில் வைத்துப் பார்க்கிறார். அது உருளாமல் நின்றால்தான் தரை சமம். மூன்றாவது சுற்று எதற்கென்று கேட்டால், "அது பயத்துக்குங்க. பயத்துக்கும் ஒரு சுத்து விடணும்ல" என்கிறார்.

வயது ஐம்பத்திரண்டு. ஒல்லியான உடம்பு, மீசை நுனியில் எப்போதும் கொஞ்சம் கிரீஸ். அடுக்குமாடிக் கட்டடங்களில் லிப்ட் பழுது பார்ப்பது தொழில். வேலையிடத்தில் இடுப்பில் கயிறு கட்டாமல் ஓர் அடி வைக்கமாட்டார். கட்டாமல் வந்தவர்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஆனால் அந்த அறிவையெல்லாம் செருப்போடு வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார். இரண்டு வருடம் முன்பு வரை அப்படித்தான்.

அப்போது ஒரு ஞாயிறு காலை, வண்டிச் செயினுக்கு எண்ணெய் போட வேண்டியிருந்தது. பின்சக்கரம் தரையில் படாமல் சுழன்றால்தான் செயின் முழுக்க எண்ணெய் படியும். நடு ஸ்டாண்டோ துருவேறி இறுகிக் கிடந்தது. அதைச் சரி செய்ய அரை மணி நேரமாகும். செங்கல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. என்ஜினுக்கு அடியில் நான்கு செங்கல், மேலே ஒரு பலகை, கடப்பாரையால் ஒரு நெம்பு. வண்டி எழுந்து நின்றது. வீட்டுப் பின்புறத் தரை சாக்கடைப் பக்கமாக விரலளவு சரிந்திருந்ததை அவர் பார்க்கவில்லை. எண்ணெய்ப் புட்டியோடு பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

அடுத்து நடந்ததை அவர் வாயால்தான் கேட்க வேண்டும். "வண்டி விழலைங்க. கொஞ்சம் யோசிச்சுது. இந்தாளு மடி காலியாத்தானே இருக்குன்னு பார்த்துது. மெதுவா வந்து உட்கார்ந்துகிச்சு."

இடது கால் அடியில் மாட்டிக்கொண்டது. கொடியில் கழற்றிப் போட்டிருந்த சட்டைப் பையில் கைபேசி ஒன்பது தடவை அடித்து ஓய்ந்தது. கத்திக் கூப்பிடலாம்தான். ஆனால் லிப்ட்காரர் தூக்கின வண்டி கவிழ்ந்துவிட்டதாம் என்று தெரு சிரிக்குமே. வலியைவிட அந்த வெட்கம் பெரிதாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஐம்பது நிமிடம் கிடந்தார்.

இரவு வேலை முடித்து மனைவி வந்தார். மருத்துவமனை வார்டில் நர்ஸ் அவர்.

"என்னங்க பண்றீங்க?"

"எண்ணெய் போடறேன்."

மனைவி கிட்டே வந்தார். பையை வைத்தார். வண்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சீட்டில் இடுப்பை முட்டுக்கொடுத்து, முழங்காலை மடக்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வண்டியும் கூடவே எழுந்தது. கணவர் காலை உருவிக்கொண்டார். இரண்டு கால்விரல் முறிந்திருந்தது.

மாலையில் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு கேட்டார். "எப்படி தூக்கினே?"

"தினமும் என்னைவிட கனமான ஆளுங்களை எழுப்பி உட்கார வைக்கிறேன். கையால தூக்கினா என் முதுகு எப்பவோ போயிருக்கும். காலாலதான் எழுந்திருக்கணும்."

அலுவலகத்திலிருந்து வந்த அழைப்புகளின் காரணமும் அன்றுதான் தெரிந்தது. ஒரு கட்டடத்தில் யாரோ லிப்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்தார். வேறொருவர் போய் மீட்டிருக்கிறார். வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இவர் எடுக்கும் முதல் பாடம் இப்போது இதுதான். ஷூவைக் கழற்றிக் கோணல் விரல்களைக் காட்டுவார். "லிப்ட்ல மாட்டினவரு இருபது நிமிஷத்துல வெளிய வந்துட்டாரு. அவரைக் காப்பாத்த வேண்டியவன் ஐம்பது நிமிஷம் வண்டிக்கடியில இருந்தான். இருபத்தேழு வருஷமா ஊரையே தூக்கறேன்னு நினைச்சேன். தூக்கினதெல்லாம் மோட்டாரு. நான் சும்மா கூட நின்னிருக்கேன்."

நடு ஸ்டாண்டைப் பிரித்துத் துரு நீக்கி மாட்டிவிட்டார். இடது கை ஹேண்டில்பாரில், வலது கை சீட்டுக்குப் பின்னாலுள்ள கம்பியில், வலது கால் ஸ்டாண்டின் மிதியில். ஸ்டாண்டின் இரண்டு காலும் தரையைத் தொட்டதும் உடம்பின் எடை முழுவதையும் மிதியில் இறக்குவார். கைகள் பிடித்திருக்கும், அவ்வளவுதான். வண்டி தானே பின்னால் ஏறி நிற்கும். மனைவி எதிர்ப்பக்கம் நின்று பிடித்துக்கொள்வார். அவர் இல்லாமல் இவர் வண்டியைத் தொடுவதில்லை.

போன ஞாயிறு மனைவிக்கு வேலை முடிய நேரமாகிவிட்டது. இரண்டு மணி நேரமாகத் துணியும் எண்ணெயுமாகக் காத்திருந்தவரை பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் எட்டிப் பார்த்தார்.

"நீங்களே தூக்கிடலாமே சார்?"

"வண்டியைத் தூக்கிடுவேன் சார். என்னை யாரு தூக்கறது?"

மனைவி கண் சிவந்து வந்து சேர்ந்தார்.

"நீ போய்ப் படு. அடுத்த வாரம் பார்த்துக்கலாம்."

"படுத்தா எழுந்திரிக்க மாட்டேன். மிதிங்க, நான் பிடிச்சிருக்கேன்."

மிதித்தார். வண்டி ஏறி நின்றது. அசைத்துப் பார்த்தார், அசையவில்லை. செயினில் கை வைக்குமுன் சாவியை உருவினார். அவர் தொழிலில் ஒரு விதி உண்டு. மின்சாரத்தை அணைத்துப் பூட்டிவிட்டு லிப்ட் குழிக்குள் இறங்குகிறவன், அந்தச் சாவியைத் தன் பையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அவன் உயிர் அந்தச் சாவியில் இருக்கிறது, மேலதிகாரி கேட்டாலும் கொடுக்கக் கூடாது. பழக்கத்தில் கை சட்டைப் பைக்குப் போனது. பாதியில் நின்றது. சீட்டுக்கு மேலாகக் கையை நீட்டி, சாவியை மனைவியின் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.