முதலாளி என் வேலையைப் பார்த்த வாரம்

லைட்ஹவுஸ் குப்பத்தில், மீனுக்கு ஐஸ் உடைத்துத் தரும் கொட்டகையில் எனக்கு வேலை. மனைவிக்குப் பிரசவ வலி எடுத்த காலையில் முதலாளியிடம் ஒரு வாரம் லீவு கேட்டேன்.

“புள்ள பெக்கப்போறது அவ. உனக்கு இன்னாத்துக்குடா லீவு?” என்றார்.

கல்லாவில் இருந்த அவர் மனைவி நிமிர்ந்தார். “நான் மூணு பெத்தேன். ஒண்ணுக்காவது ஆஸ்பத்திரி பக்கம் வந்தியா நீ?” என்று அவரைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். “நீ போ தம்பி. கூலி புடிக்க மாட்டோம். உன் வேலைய இவரே பாப்பாரு.”

முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஐஸ் பக்கம் போனார்.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மறுநாள் டீ வாங்கப் போனவன், ஆண்கள் வார்டில் முதலாளி குப்புறப் படுத்திருப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டு நின்றேன். ரப்பர் செருப்போடு ஐஸ் தண்ணீரில் வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் விழுந்திருக்கிறார். எலும்புக்கு ஒன்றுமில்லை, உட்காரத்தான் முடியவில்லை.

“அந்தத் தரையில எப்புட்றா தெனமும் நிக்கிற?” என்றார்.

“உழுந்து உழுந்து எழுந்துதாண்ணா. உங்ககிட்ட சொன்னா, பாத்து நடன்னுவீங்க.”

அவர் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பக்கத்திலிருந்த அவர் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார்.

லீவு முடிந்து நான் திரும்பியபோது கொட்டகைத் தரையில் ரப்பர் பாய் விரித்திருந்தது. எல்லோருக்கும் முழங்கால் வரை வரும் ரப்பர் கம்பூட்ஸ் வந்திருந்தது, மலிவாகக் கிடைத்ததென்று எல்லாம் ஒரே சைஸில். என் கால் உள்ளே லொடலொடவென்று ஆடியதால் பழைய துணியைத் திணித்துக்கொண்டு நடந்தேன். இன்னும் உட்கார முடியாத முதலாளி வாசலில் நின்றுகொண்டு, பூட்ஸ் போடாத யாரையும் உள்ளே விடவில்லை.