கணுக்காலில் கட்டிய மோட்டார்

சுனாமியில் எங்கள் வீட்டில் யாரும் மௌத்தாகவில்லை. அதனால் என் காலைப் பற்றிப் பேச எனக்கு நெடுநாள் கூச்சமாக இருந்தது. மருதமுனையில் எங்கள் ஒழுங்கையிலேயே பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் இருந்தார்கள். எனக்கு நடந்தது, தண்ணீர் இழுத்துப் போனபோது உடைந்த மதில் ஒன்று முழங்காலுக்குக் கீழே காலின்மேல் விழுந்ததுதான். எலும்பு பொருந்திவிட்டது. நரம்பு பொருந்தவில்லை.

வலது பாதத்தை மேலே தூக்க முடியாமல் போனது. அடி எடுத்து வைத்தால் விரல்கள் நிலத்தில் உரசும். நான் கணித ஆசிரியை. அந்த உரசல் கேட்டாலே வகுப்பு அடங்கிவிடும். அதுவும் ஒரு வசதிதான் என்று சக ஆசிரியை ஒருவரிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சப்பாத்துக்குள் வைக்க ஒரு பிளாஸ்டிக் தாங்கி தந்தார்கள். அது பாதத்தைத் தொங்கவிடாமல் பிடித்துக்கொண்டது. ஆனால் கால் எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

கிழக்கில் சண்டை ஓய்ந்து, வடக்கில் இன்னும் நடந்துகொண்டிருந்த காலத்தில், கல்முனையில் நான் போய்வந்த சிகிச்சை நிலையத்துக்கு வெளிநாட்டுப் பொறியியலாளர் ஒருவர் வந்தார். அவர் கொண்டுவந்ததை ரோபோ என்றார்கள். ரோபோ என்றால் கையும் தலையும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது முழங்காலுக்குக் கீழே கட்டும் ஒரு சட்டம். கணுக்காலின் பக்கத்தில் சிறிய மோட்டார், சப்பாத்துக்கு அடியில் ஒரு தகடு, இடுப்புப் பட்டியில் பற்றரி, பற்றரியையும் மோட்டாரையும் இணைக்கும் வயர். குதிகால் நிலத்தை விட்டு எழும்பியதும் மோட்டார் உறுமி, பாதத்தைத் தூக்கும்.

“இது உங்கட காலத் தூக்கிறதுக்கில்ல,” என்று சிகிச்சை தந்த பெண் விளக்கினார். “நீங்க தூக்கப் பாக்கணும். எவ்வளவு குறையுதோ அவ்வளவுதான் இது தரும்.”

அந்தக் கருவியை என்னோடு பகிர்ந்துகொண்டவர் பெரியநீலாவணை மீனவர் ஒருவர். கடல் வந்த அன்று அவருடைய தோணியின் இயந்திரமே அவர் காலில் விழுந்திருந்தது. ஒரே வாங்கில் உட்கார்ந்து முறைக்காகக் காத்திருப்போம். அவர் என்னை டீச்சர் என்பார், நான் தம்பி என்பேன். அதற்கு மேல் அதிகம் கதைத்ததில்லை. பழைய தமிழ்–முஸ்லிம் கலவரங்களுக்குப் பிறகு எங்கள் இரண்டு ஊர்களும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தன.

உண்மையான தெருவில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கப் பொறியியலாளர் விரும்பினார். அதனால் ஒரு நாள் அதைக் கட்டிக்கொண்டே வீட்டுக்குப் புறப்பட்டேன். அபாயாவுக்குள் எதுவும் வெளியே தெரியவில்லை. மட்டக்களப்புப் பஸ்ஸில் முன்னால் நான், பின்னால் அந்த மீனவர். வழக்கமாகச் சோதனை இல்லாத இடத்தில் அன்று தடுப்புப் போட்டிருந்தார்கள். எல்லோரையும் இறக்கினார்கள்.

பெண் பொலிஸ் என் தோளிலிருந்து தடவிக்கொண்டு வந்தாள். இடுப்பில் கை நின்றது. கொஞ்சம் கீழே போய் வயரைத் தொட்டது. அவள் சத்தம் போடவில்லை. பின்பக்கமாகவே நடந்து விலகினாள். அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது. பயணிகளைத் தெருவின் மறுகரைக்கு விரட்டினார்கள். என்னைக் கையைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன். உடல் ஒரு பக்கம் சாய, குதி எழும்ப, மோட்டார் உறுமிப் பாதம் தானாக எழுந்தது. துப்பாக்கிகள் என் பக்கம் திரும்பின.

எனக்குச் சிங்களம் சந்தையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் வரும். அதுவும் அப்போது வரவில்லை.

மறுகரையிலிருந்து அந்த மீனவரின் குரல் கேட்டது.

“டீச்சர், குதிய எடுக்காதீங்க. குதி நிலத்தில இருந்தா அது சத்தம் போடாது.”

குதியை மண்ணில் அழுத்திக்கொண்டு நின்றேன்.

அவர் கூட்டத்தை விட்டு வெளியே வந்தார். இரண்டு கையும் மேலே இருந்தன. நீர்கொழும்புப் படகுகளில் வேலை செய்து பழகிய சிங்களத்தில், இது நடக்கப் பழக்கும் கருவி, நானும் இதைக் கட்டுகிறவன்தான் என்றார். அப்படியானால் நீயே கழற்று என்றார் அதிகாரி.

என் முன்னால் முழங்காலிட்டவர் கையை நீட்டவில்லை. நிமிர்ந்து பார்த்தார்.

“தொடப்போறன் டீச்சர். பரவாயில்லையா?”

“ஓம் தம்பி. கழட்டுங்க.”

பஸ்ஸில் வந்த சனமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, பட்டிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். கருவியை மணல் மூட்டைகளுக்குப் பின்னால் கொண்டுபோய் வயரை வெட்டினார்கள். சிகிச்சை நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசி விசாரித்த பின் என்னைப் போகலாம் என்றார்கள். அவரை விடவில்லை. அவருடைய காற்சட்டையை உயர்த்தச் சொல்லித் தழும்பைப் பார்த்திருந்தார்கள். தமிழ் இளைஞன் ஒருவனின் காலில் அப்படியொரு தழும்பு இருந்தால் அது ஷெல் பட்டதாகத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. எங்கே ஆயுதப் பயிற்சி எடுத்தாய் என்று கேட்டார்கள்.

நான் போகவில்லை. பெண் பொலிஸ் ஒரு கதிரை கொண்டுவந்து போட்டாள். அதில் உட்கார்ந்தேன். செய்தி கேட்டு என் கணவர் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார்.

“எழும்புங்க, போவம். உங்கள விட்டாச்சுத்தானே.”

“அவர விடல்ல.”

“இஞ்ச இருந்து நாம என்ன செய்யிற?”

“எனக்காகத்தானே அவர் வந்து கதைச்சார். அவர விடாம நான் வரல்ல.”

என் கணவர் அதிகாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வண்டியைக் கல்முனைப் பக்கம் திருப்பினார். அவர் திரும்பி வந்தபோது பின்னால் ஒரு வேன் வந்தது. அதில் பொறியியலாளரும் சிகிச்சை தரும் பெண்ணும் இருந்தார்கள். வெட்டிய வயரைப் பார்த்தும் பொறியியலாளர் முகம் சுளிக்கவில்லை. மீனவரின் கால் படங்களைக் காட்டி நீண்ட நேரம் பேசினார். அந்தியில் மஃரிப் தொழுகைக்கு அதான் சொல்லுமுன் மீனவரை விட்டார்கள். என்னை வேனில் ஏற்றிவிட்டு, அவரைத் தன் மோட்டார் சைக்கிளில் பெரியநீலாவணை வரை கொண்டுபோய் விட்டார் என் கணவர். வழியில் இருவரும் என்ன கதைத்தார்கள் என்று கேட்டேன்.

“மீன் விலை,” என்றார்.

அந்நிய ஆணுக்காகக் காவலரணில் போய் உட்கார்ந்திருந்தாளாம் என்று சொந்தத்துக்குள் ஒரு பேச்சு வந்தது. பேச்சு தானாக ஓய்ந்தது.

கருவியைத் திருத்தினார்கள். அதன்பின் நிலையத்துக்கு வெளியே அதைக் கொண்டுபோக விடவில்லை. சுவரோரம் நடந்தோம், திரும்பி நடந்தோம். வாங்கில் இருக்கும்போது இப்போது கதைத்தோம். பெரும்பாலும் கடலைப் பற்றி. அவருக்கு அதன்மேல் கோபம் இருக்கவில்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒப்பந்தம் முடிந்து பொறியியலாளர் கருவியைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு போனார். அதற்குள் என் பாதம், மோட்டார் இல்லாமலே, ஒரு விரல் தடிப்பளவு நிலத்தை விட்டு எழப் பழகியிருந்தது. வீட்டுக்குள் தாங்கி இல்லாமல் நடக்க அது போதும். மீனவருக்கு நரம்பு அதிகம் சேதம். அவருடைய பாதம் அசையவில்லை.

போர் முடிந்ததை ஆசிரியர் அறை வானொலியில் கேட்டேன். யாரோ ஒலியைக் கூட்டினார்கள். பாட மணி அடித்தது, வகுப்புக்குப் போனேன். சில மாதங்கள் கழித்துக் கடலுக்குப் போகும் தடைகள் தளர்ந்தபோது, பிளாஸ்டிக் தாங்கியைக் கட்டிக்கொண்டே அவர் தோணியில் ஏறினார். உப்புத் தண்ணீரில் அதன் பட்டி அடிக்கடி அறுந்துவிடும். என் கணவர் சைக்கிள் டியூபை வெட்டிப் புதுப் பட்டி போட்டுக் கொடுப்பார்.