முளைப்பாரியை மதினியிடம் கொடுத்த நாள்

கடைசியாக மாதவிலக்கு வந்தது எந்தத் தேதி என்று திருச்சுழிப் பக்கத்துப் பெண்களிடம் கேட்டால் தேதி வராது. ஏதாவது ஒரு காரியம் வரும். "கொழுந்தனுக்குப் பொண்ணு பாக்கப் போனாக, நான் மட்டும் போகல" என்பார்கள். "மொத பருத்தி எடுப்புக்கு மறுநாளு" என்பார்கள். அன்றைக்கு எதைச் செய்ய முடியாமல் ஒதுங்கி நின்றார்கள் என்பது அவர்களுக்கு மறப்பதில்லை. அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் தேதி கிடைத்துவிடும். அந்த இரண்டு கேள்வியை எட்டு மாதம் யாருமே கேட்காமல் விட்ட ஒரு பெண்ணைப் பற்றி எழுதுகிறேன். யாருமே என்பதில் நானும் அடக்கம்.

அருப்புக்கோட்டை வட்டாரத்தில் பல வருடங்களாக நான் மகப்பேறு மருத்துவர். இடையில் கொஞ்ச காலம் ஒரு நாளிதழுக்கு வாரம் ஒரு மருத்துவக் கட்டுரை எழுதினேன். அங்கே எந்த வரியைக் கொடுத்தாலும், "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புவார்கள். மருத்துவமனையில் அதே கேள்வியைக் கேட்டால் அதற்குத் திமிர் என்று பெயர்.

வைகாசி கடைசி வாரம், ஒரு மாலை. மறுநாள் காலை அறுவை சிகிச்சைக்கு இருந்த ஒரு பெண்ணிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்கப் போனேன். இருபத்து மூன்று வயது, தலைப்பிள்ளை. சிகிச்சைக்கான காரணங்கள் கோப்பில் எழுதியிருந்தன. பிரசவத் தேதி இன்னும் இரண்டு நாளில் முடிகிறது. வயிற்றுப் பிள்ளை வாரத்துக்கு ஏற்ற எடை இல்லை. வலியும் வரவில்லை. எழுதி, கோடிட்டு, எங்கள் பிரிவின் தலைமை மருத்துவர் கையெழுத்திட்டிருந்தார். படித்தால் சந்தேகம் வராது.

அந்தப் பெண் பேனாவை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடாமல் இருந்தாள்.

"எனக்குத்தான் இன்னும் நாளே வரலையே, டாக்டரம்மா."

பக்கத்தில் நின்ற மாமியார் விடவில்லை. "ஆமா, இவ டாக்டருக்குப் படிச்சவ. பத்து மாசம் முடிஞ்ச பிள்ளைய வயித்துலயே வச்சுப் பள்ளிக்கூடம் அனுப்பப் போறா. போடுத்தா கையெழுத்த."

"நீங்க செத்த சும்மா இருங்கத்த. எனக்குத் தெரியாதா எப்ப வந்துச்சுன்னு?"

"எப்ப வந்தது?" என்று கேட்டேன்.

"முளைப்பாரி தூக்குற அன்னைக்கு. ஏழு நாளு தண்ணி ஊத்தி வளத்த பயிரு. கோயிலுக்குத் தூக்கிட்டுப் போகத் தலையில ஏத்தப் போறேன், வந்துருச்சு. மதினி கையில குடுத்துட்டு வீட்டுக்கு வந்துட்டேன். அழுக அழுகயா வந்துச்சு. இத அட்டை போடும்போதே நர்சக்காகிட்டச் சொன்னேன், அவுகளும் எழுதுனாக."

"உங்க ஊருல முளைப்பாரி எந்த மாசம்?"

"பெரட்டாசி கடைசிச் செவ்வா."

அவளுடைய கர்ப்பகாலப் பரிசோதனை அட்டையில் இருந்தது ஆவணி மாதத்துத் தேதி. இரண்டுக்கும் இடையில் ஐந்து வாரம்.

முதல் ஸ்கேன் காகிதம் இருக்கிறதா என்று கேட்டேன். கட்டிலுக்கு அடியில் இருந்த நகைக்கடைப் பையிலிருந்து மாமியார் எடுத்துக் கொடுத்தார். நாலாக மடித்து, மடிப்பு கிழிந்திருந்தது. கார்த்திகையில் எடுத்தது. அட்டைக் கணக்கில் அன்றைக்குப் பிள்ளைக்குப் பதினான்கு வாரம் ஆகியிருக்க வேண்டும். ஸ்கேன் ஒன்பது வாரம் என்றது. புரட்டாசி கடைசிச் செவ்வாயிலிருந்து எண்ணினாலும் ஒன்பது வாரம்தான்.

முதல் மூன்று மாதத்துக்குள் எல்லாப் பிள்ளைகளும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் வளர்கின்றன. அதனால் அப்போது எடுக்கும் ஸ்கேன்தான் வயதை மிகச் சரியாகச் சொல்லும். சொன்ன தேதிக்கும் அதற்கும் ஒரு வாரத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் சொன்ன தேதியை விட்டுவிட்டு ஸ்கேன் தேதியை வைத்துக்கொள்ள வேண்டும். இதில் புதுமை ஏதும் இல்லை, நாங்கள் எல்லோரும் பரீட்சைக்குப் படித்து எழுதியதுதான். இங்கே ஐந்து வாரம் வித்தியாசம் வந்தும் அந்தக் காகிதத்தை ஒருவர்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை. பிறகு எல்லாமே அந்த ஒரு தப்பிலிருந்து வந்தன. வைகாசி தொடக்கத்து ஸ்கேனில் முப்பத்தொரு வாரப் பிள்ளை முப்பத்தொரு வாரப் பிள்ளைக்கான எடையில்தான் இருந்தது. அதை முப்பத்தாறு வாரப் பிள்ளை என்று எண்ணிப் பார்த்தவர்களுக்கு அது வளராத பிள்ளையாகத் தெரிந்தது. மறுநாள் காலை ஒரு நல்ல பிள்ளையை ஐந்து வாரம் முந்தி வெளியே எடுத்து, மூச்சுத் திணறுகிறதா என்று பார்த்து, திணறினால் மதுரைக்கு அனுப்பவிருந்தோம்.

அட்டையை எழுதிய கிராமச் செவிலியருக்குப் போன் செய்து, ஆவணித் தேதி எப்படி வந்தது என்று கேட்டேன். அவர் ஊர் காரியாபட்டிப் பக்கம்.

"முளைப்பாரி ஆவணிலதான மேடம்?" என்றார்.

"உங்க ஊருல. அந்தப் பொண்ணு ஊருல?"

"தேதி போடலைன்னா கம்ப்யூட்டரு அடுத்த பக்கத்துக்கே போகாது மேடம். வாசல்ல கூட்டம் நிக்கிது. எங்க ஊரு தேதி ஞாபகத்துல இருந்துச்சு, போட்டுட்டேன்."

எனக்கு அவர்மேல் வந்த கோபம் போனை வைக்கும் வரைகூட நிற்கவில்லை. தேதி தெரியவில்லை என்று எழுத இடமே தராத ஒரு படிவத்தை யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து செய்திருக்கிறார். ஊருக்கு ஊர் முளைப்பாரி மாதம் வேறு என்பது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. எங்களுக்குத் தெரியும். அட்டையைத் திருப்பினேன். ஏழாம் மாதப் பரிசோதனைப் பக்கத்தில் அந்த ஆவணித் தேதிக்கு நேரே ஒரு சரிக் குறி. அதன் கீழே சுருக்கொப்பம். என்னுடையது.

தலைமை மருத்துவர் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஸ்கேன் காகிதத்தை மேசையில் விரித்தேன். அவர் அட்டையைப் பார்த்தார்.

"அட்டையில தேதி தெளிவா இருக்கு. நீங்க இப்ப முளைப்பாரிங்கிறீங்க."

"முளைப்பாரி இல்ல சார், ஒன்பது வாரத்து ஸ்கேன். ரெண்டும் ஒத்துப்போகுது."

"இந்த ஊருல எவளுக்குத் தேதி தெரியும்னு நீங்களே சொல்வீங்கள்ல, சார். உள்ளுக்குள்ள பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா விசாரணை மீட்டிங்ல நிக்கப் போறது நான். ஆப்பரேசன் பண்ணி யாரும் கேள்வி கேட்டதில்ல. பண்ணாம விட்டாத்தான் கேப்பாங்க."

என்னை அவர் 'சார்' என்று அழைப்பது கோபத்தில் மட்டும். அவர் கெட்டவர் இல்லை. கத்தி பிடிக்கும் கை சுத்தம். ஆனால் அன்று அவர் சொன்னதில் அந்தப் பெண்ணுக்கான காரணம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் அவருக்கான காரணம். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தேதி தெரியாது என்று நாங்கள் பழிக்கும் பெண்தான் அந்தக் கட்டடத்தில் தேதி தெரிந்த ஒரே ஆள். ஒருமுறையல்ல, பரிசோதனைக்கு வந்தபோதெல்லாம் சொல்லியிருக்கிறாள். தேதி அட்டையில் இருக்கிறது, நீ பேசாதே என்று அனுப்பியிருக்கிறோம்.

"பிள்ளையோட நாடித்துடிப்பையும் தொப்புள்கொடியில ரத்த ஓட்டத்தையும் இப்பவே பாப்போம். அதுல கோளாறுன்னா நானே தியேட்டருக்கு வாரேன்" என்றேன்.

பார்த்தோம். துடிப்பு நன்றாக இருந்தது. ரத்த ஓட்டத்திலும் குறையில்லை. முப்பத்தைந்து வாரத்துக்கு என்ன எடை இருக்க வேண்டுமோ அது இருந்தது.

"எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கங்க. என் பேரு இதுல வரக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். எழுதினேன். ஏழாம் மாதத்தில் நான் போட்ட சரிக் குறியையும் அடித்து, அது தவறு என்று பக்கத்திலேயே எழுதினேன்.

மாமியாரைச் சமாதானப்படுத்துவதுதான் பெரிய பாடாக இருந்தது. "ஒருத்தர் அறுக்கணும்கிறாக, ஒருத்தர் வேணாம்கிறாக. நாங்க யாரு பேச்சத்தான் கேக்குறது?" என்றார். நியாயமான கேள்வி. உங்கள் மருமகள் பேச்சை என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

வாரம் இரண்டு முறை அந்தப் பெண் பஸ் ஏறி வந்தாள். ஒவ்வொரு முறையும் துடிப்பைப் பார்த்தோம். இரண்டு வாரம் கழித்து எடுத்த ஸ்கேனில் பிள்ளை இரண்டு வாரத்துக்கான எடை கூடியிருந்தது. அப்படி இருந்தும் பயந்தேன். சான்று கையில் இருந்தால் பயம் போய்விடும் என்று யாராவது சொன்னால் அவர் பிரசவம் பார்த்தவர் இல்லை. அவள் வர வேண்டிய நாளில் பஸ் தாமதமானால் வாசலைப் பார்த்தபடியே மற்றவர்களைப் பரிசோதிப்பேன்.

ஆனி கடைசியில் வலி தானாக வந்தது. மத்தியானம் சுகப்பிரசவம். பெண் பிள்ளை, மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பிறந்ததும் வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதாள். மாமியார் வெளியே யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "பதினோரு மாசத்துப் பிள்ள. எங்க மருமகதான் சுமந்தா, வேற எவளால முடியும்?"

அடுத்த மாதம் மாவட்டச் சுகாதார அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. குறிப்பிட்ட பயனாளிக்குப் பிரசவத் தேதி கடந்து ஐந்து வாரம் வரை பிரசவம் தாமதிக்கப்பட்டது ஏன் என்று எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும். கம்ப்யூட்டரில் ஏற்றிய தேதியைத் திருத்த யாருக்கும் அனுமதி இல்லையாம். ஸ்கேன் நகலை இணைத்து, பிள்ளை தாமதமாகப் பிறக்கவில்லை, தேதிதான் தவறு என்று எழுதினேன். ஐந்து வாரம் முந்தி எடுத்திருந்தால் எந்தக் கடிதமும் வந்திருக்காது என்றும் ஒரு வரி சேர்த்தேன். இதுவரை பதில் இல்லை.

பிள்ளைக்கு ஆறு வாரம் ஆனபோது அந்தப் பெண் அதைத் தடுப்பூசிக்குத் தூக்கி வந்தாள். பதிவு மேசையில் இருந்தவர் திரையைப் பார்த்து, "அஞ்சு வாரம் லேட்டாப் பொறந்த பிள்ளைல்ல இது?" என்றார்.

"அதுல லேட்டுன்னா போட்டிருக்கு?"

"ஆமா."

"அடிச்சுட்டு எழுதுங்க. எம்பிள்ள சரியான நாளுக்குத்தான் வந்தா."

"அடிக்க முடியாதும்மா. கம்ப்யூட்டரு விடாது."

அவள் பிள்ளையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "அப்ப பேப்பர்ல எழுதித் தாங்க. நான் நிக்கிறேன்" என்றாள். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அவள் நகரவில்லை. நான் எழுந்து போய், ஒரு தாளில் புரட்டாசி கடைசிச் செவ்வாய் என்று தொடங்கி எழுதி, கீழே முழுப் பெயரோடு கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.