முனகித் தேர்ந்தெடுத்த தலைவர்

என் வீட்டுக்காரருக்குக் காது சோதிக்கிற வேலை. ஆஸ்பத்திரியில் மாடிப்படிக்குப் பக்கத்தில் சத்தம் புகாத ஒரு சின்ன அறை. வருகிறவர் தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்துவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மெல்லிசாக ஒரு ஒலியை அனுப்புவார். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். நாள் முழுக்க "இப்ப கேக்குதா? இப்ப?" என்று விசாரிக்கிற மனுஷன் சொல்வதை, சாயங்காலம் வீட்டில் ஒரு ஜீவன் காதில் போட்டுக்கொள்ளாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நான் பஸ் கண்டக்டர். காலையிலிருந்து "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்திவிட்டு வருகிறவளுக்கு இன்னொருவர் பேச்சைக் கேட்கத் தெம்பு எங்கே இருக்கும்?

அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளத்தானோ என்னவோ, இணைய ஆளுகைச் சங்கத்தில் போய்ச் சேர்ந்தார். இணையத்தில் யார் விதி வைப்பது, யாருக்கு என்ன உரிமை என்று பேசுகிற சங்கம். மாதம் ஒரு கூட்டம். மற்ற நாளெல்லாம் மின்னஞ்சலில் சண்டை. கூட்டத்தில் டீயை முதலில் கொடுப்பதா, கடைசியில் கொடுப்பதா என்பதற்கே நாலு நாள் அடித்துக்கொண்டார்கள். உறுப்பினர் குறைகிறது என்று என் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டார். எங்கள் வீட்டில் என்னைக் கேட்காமல் அவர் எடுத்த ஒரே முடிவு அது.

அந்தச் சங்கத்தில் கை தூக்கும் வழக்கம் கிடையாது. எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். சம்மதம் உள்ளவர்கள் வாயைத் திறக்காமல் 'ம்ம்ம்' என்று முனக வேண்டும். முனகல் எந்தப் பக்கம் கனமோ, அந்தப் பக்கம் முடிவு. யார் யாருக்கு எதிரி என்று தெரியாது, பகை வளராது என்று அதற்கு விளக்கம் வேறு. நாலு வீட்டு மிக்ஸி ஒன்றாக ஓடுகிற மாதிரி இருந்தது. முதல் கூட்டத்தில் நான் சிரித்தே விட்டேன்.

அவருக்கு மட்டும் அது பொறுக்கவில்லை. தொண்டை பெருத்தவன் வைத்ததுதான் அங்கே சட்டம். வீடியோவில் சேருகிற வெளியூர்க்காரர்கள் பாடு இன்னும் மோசம். அவர்கள் முனகுவதை மின்விசிறி இரைச்சல் என்று நினைத்து மென்பொருள் வடிகட்டிவிடுமாம். "இணையம் எல்லாருக்கும்னு பேசுற சங்கத்துல, இணையம் வழியா வர்றவங்க சத்தம்தான் கேக்கல" என்று பொருமுவார். அதையே மின்னஞ்சலாக எழுதினார். ஒருவரும் பதில் போடவில்லை. முனகலை ஒழித்து ஆளை எண்ணுவேன் என்று தலைவர் பதவிக்கே நின்றுவிட்டார்.

"சம்பளம் உண்டாப்பா?" என்றாள் மகள்.

"இல்ல."

"அப்புறம் எதுக்கு இந்த வேண்டாத வேலை?"

"ஜெயிக்கணும்னு இல்லம்மா. நம்ம குடும்பத்துல இல்லாத ஒரே ஒரு ஆள், நீ சொல்றது சரிதான்யான்னு சொன்னாப் போதும்."

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. ஆனாலும் அவர் தோற்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். ஜெயித்தால் வீட்டில் இருக்கிற கொஞ்ச நேரத்தையும் லேப்டாப் தின்றுவிடும்.

எதிர்த்து நின்றவர் ஒரு வக்கீல். மைக்கே தேவைப்படாத குரல். 'தொடர்ந்து இணைந்து பயணிப்போம்' என்பது அவர் கொள்கை. எங்கே, எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

தேர்தல் நூலகத்தின் மேல்மாடிக் கூடத்தில் நடந்தது. இணையத்தை ஆளப் புறப்பட்டவர்கள் கூடிய இடத்தில் அன்றைக்கு இணையம் வரவில்லை. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. செயலாளர் வயரைப் பிடுங்கிச் சொருகினார், சொருகிப் பிடுங்கினார். "வெளியூர் ஆளுங்க இல்லாம எப்படிங்க நடத்துறது? தள்ளி வைங்க" என்றார் என் வீட்டுக்காரர். தள்ளி வைக்கலாமா வேண்டாமா என்று முனகச் சொன்னார்கள். வேண்டாம் என்று பலமாக முனகினார்கள்.

தேர்தல் நடத்த ஒரு பல் டாக்டரைப் போட்டிருந்தார்கள். எல்லோரும் கண்ணை மூடினோம். முதலில் வக்கீலுக்கு. எப்படியும் அவர்தான் ஜெயிப்பார் என்ற அசட்டையில், உண்ட மயக்கத்தோடு, ஏனோதானோ என்று முனகினார்கள். அடுத்து என் வீட்டுக்காரருக்கு. ஒரு சத்தம் இல்லை.

நான் விதியை மீறி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் கண்ணை இறுக்கி மூடி, தலையை லேசாகச் சாய்த்து நின்றிருந்தார். சோதனை அறையில் சத்தம் வருமா வருமா என்று உட்கார்ந்திருப்பார்களே, அவர்களைப் போல.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரரை நான் மட்டம் தட்டுவேன். தட்ட இவர்கள் யார்? அடிவயிற்றிலிருந்து இழுத்து முனகினேன். பஸ்ஸின் முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை கேட்டுப் பழகிய தொண்டை அது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பொருளாளர் திடுக்கிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டாவதுதான் கனம்" என்றார் பல் டாக்டர்.

வக்கீல் குதித்தார். "அதெப்படி? அது ஒரே ஆளோட சத்தம்!"

"கண்ணை மூடிட்டுத்தானே இருந்தீங்க? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கூடம் சிரித்தது. விதி விதிதான். என் வீட்டுக்காரர் தலைவராகிவிட்டார். அந்த நிமிஷம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"வக்கீல் சார் சொல்றது சரிதாங்க" என்றார். "ஒரே தொண்டைதான். யாரோடதுன்னும் எனக்குத் தெரியும். ஒருத்தர் சத்தத்தை ஊர் சம்மதமா எடுத்துக்கக் கூடாதுன்னுதானே நான் நிக்கிறதே? கையை எண்ணுங்க."

மடியில் வந்து விழுந்ததைத் தூக்கி எறிகிற மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மறுபடி கண்ணை மூடச் சொன்னார்கள். வக்கீலுக்குக் கைகளை எண்ணி முடித்தார்கள், எண்ணவே நேரமானது. அடுத்து இவருக்கு. முன்னால் இருந்த பொருளாளரின் முதுகு பீரோ அகலம், பின்னால் இருக்கிற என் முகம் பல் டாக்டருக்குத் தெரியாது. அதன் வலப்பக்கம் என் வலக்கையைத் தூக்கினேன். இது குடும்பக் கை, கணக்கில் சேராது என்று உறைத்தது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன், வேறு ஒரு கையும் எழவில்லை. முதுகின் இடப்பக்கம் என் இடக்கையையும் தூக்கினேன். தெரிந்தேதான் செய்தேன்.

"ரெண்டு" என்றார் பல் டாக்டர்.

படு தோல்வி. ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "ஒண்ணு நீ. இன்னொண்ணு யாரு?"

"எனக்கென்ன தெரியும்? கண்ணை மூடிட்டு இருந்தேன்."

அன்றிலிருந்து அந்த ஆளைத் தேடுகிறார். கூட்டத்தில் யார் வாயைத் திறந்தாலும், இவராக இருக்குமோ என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்கிறார். வக்கீல் பேச்சைக்கூட விடுவதில்லை. அந்தச் சங்கத்தில் அடுத்தவர் சொல்வதை முழுசாகக் கேட்கிற ஆள் அவர் ஒருவர்தான் என்பதால், எல்லோரும் அவரிடமே வந்து பேச ஆரம்பித்தார்கள்.

போன வாரம் கூட்டம் முடிந்து குழம்பிப்போய் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பொருளாளர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, அன்னைக்குக் கை தூக்கினது நான்தான்னு சொன்னார்."

"அப்படியா?"

"செயலாளரும் அதையேதான் சொல்றார். கடைசியா வக்கீலே வந்து, சார், மனசு கேக்காம உங்களுக்கும் ஒரு கை தூக்கிட்டேன்னார். இருந்ததே ரெண்டு கைதானே? எப்படி?"

"பல் டாக்டர் எண்ணினதுதானே, சரியாப் பாத்திருக்க மாட்டார்" என்றேன்.

"அப்போ எனக்கு உன்னோட சேத்து நாலு பேரா?" என்று நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.